வீட்டுக்குள் 9 பூட்டு!

வாசலுக்கு ஒரு பூட்டு. பீரோவுக்கு ஒரு பூட்டு. சாதாரண வீட்டில் அதற்கு மேல் யாரும் பூட்டுவது இல்லை.

ஆனால், லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் போட்டோவுக்குக் கூட 9 பூட்டு உண்டு!

அந்த 9 பூட்டில் ஒன்று தவறிப் பூட்டி இருந்தாலும் சொந்த மகளே உள்ளே போக முடியாது. ஒன்று தவறித் திறந்து இருந்தாலும் யார் வேண்டுமானாலும் அழித்துவிட்டுப் போகலாம். ஆகவே, எந்தப் பூட்டு யாருக்கு என்று தெரிந்து கொள்வது நல்லது. இது கஷ்டமான வித்தை அல்ல. கூட்டல் கணக்கு தெரிந்தால் போதும்.

பரணில் தூங்கும் லேப்டாப்

2011-ம் ஆண்டு செப்டம்பரில், பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அந்த லேப்டாப்புகளில் விண்டோஸ் இருந்தது. கூடவே "பாஸ்" என்ற லினக்சும் இருந்தது. இந்த "பாஸ்" நம் நாட்டில் தயாரானது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், சென்னையில் இருந்து இதை உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது.

அந்த லேப்டாப்புகள் பல இன்று பரணில் தூங்குகின்றன. பாட்டரி போய்விட்டது, வேகம் இல்லை. ஆனாலும் அவற்றுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். ஒரு பெரிய ஹார்டு டிஸ்க்கை இணைத்து, லினக்ஸ் போட்டு, வீட்டு வைபையில் சேர்த்துவிட்டால் அது வீட்டுக்குப் பொதுவான பெட்டகம் ஆகிவிடும். அப்பா செல்போனில் எடுத்த படத்தை அம்மா டி.வி.யில் பார்க்கலாம். மகன் எழுதிய கணக்கை அப்பா திறக்கலாம்.

லினக்சைத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்து நாட்டுக்காரர். 1991-ல், ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது இதை எழுதினார். லினக்ஸ் பெட்டகத்தில் இருக்கும் பைலை விண்டோஸ் கம்ப்யூட்டரும் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்கு உதவும் புரோகிராமின் பெயர் "சம்பா".

நம் ஊர் சம்பா நெல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இதை எழுதியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பைல்களைப் பகிரும் முறைக்கு "எஸ்.எம்.பி." என்று பெயர். அந்த மூன்று எழுத்தும் வருகிற ஒரு சொல்லை அவர் அகராதிப் பட்டியலில் தேடினார். "சம்பா" கிடைத்தது. அதையே பெயராக வைத்துவிட்டார்!

ஒரு வீட்டை எடுத்துக் கொள்வோம்

ராஜபாளையத்தில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் உள்ள சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி. மகன் கல்லூரியில் படிக்கிறான். மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்து இருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 10 கிலோமீட்டர்தான். அவள் ஞாயிற்றுக்கிழமை தோறும் பால்கோவாவும் கையுமாக வருவாள். கூடவே 4 வயதுப் பேரன்.

அந்த வீட்டுப் பெட்டகத்தில் என்ன இருக்கிறது? தறிக் கணக்கு. வீட்டுப் பத்திரத்தின் நகல். மகளின் கல்யாணப் படங்கள். காலம் சென்ற பாட்டி பேசிய பேச்சு.

இதில் கணக்கு போனால் மறுபடி எழுதலாம். பத்திர நகல் போனால் மனுப் போட்டு வாங்கலாம். பாட்டியின் குரல் போனால்? எந்த ஆபீசிலும் கிடைக்காது.

ஒரு நாள் மகள் தன் லேப்டாப்பில் பெட்டகத்தைத் திறக்கிறாள். குழந்தையின் படங்களை அதில் போடப் பார்க்கிறாள். "அனுமதி இல்லை" என்று வருகிறது.

"என்னப்பா இது? என்னை உள்ளே விடமாட்டேன் என்கிறதே!"

"தம்பியைக் கேளும்மா. அவன்தானே வைத்தான்?"

தம்பி அங்கும் இங்கும் தேடிப் பார்க்கிறான். யாரோ சொன்னபடி "777" என்று ஓர் எண்ணைத் தட்டுகிறான். உடனே படம் ஏறிவிடுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம்!

அந்த மூன்று ஏழுகளுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

மூன்று பேர், மூன்று உரிமை

லினக்ஸ் உலகத்தில் உள்ள எல்லோரையும் மூன்று வகையாகப் பிரிக்கிறது.

முதல் வகை, உரிமையாளர். பைலை உண்டாக்கியவர்.

இரண்டாம் வகை, குழு. உரிமையாளர் சேர்த்துக் கொண்ட கூட்டம். நம் வீட்டுக் கதையில் இது குடும்பம்.

மூன்றாம் வகை, மற்றவர்கள். மேலே சொன்ன இரண்டிலும் சேராத எல்லோரும்.

ஒவ்வொரு வகைக்கும் மூன்று உரிமை. பார்ப்பது, எழுதுவது, இயக்குவது. மூன்று பேருக்கு மூன்று உரிமை என்றால், மூன்று மூன்று ஒன்பது. அவைதான் அந்த 9 பூட்டுகள்!

போல்டராக இருந்தால் "இயக்குவது" என்பதற்கு வேறு பொருள். அது வாசற்படியைத் தாண்டி உள்ளே போகும் உரிமை. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு உதவும்.

உரிமைகளுக்கு எண் உண்டு. பார்க்க 4. எழுத 2. இயக்க 1.

பார்க்கவும் எழுதவும் உரிமை கொடுத்தால், 4-ம் 2-ம் 6. பார்க்கவும் உள்ளே போகவும் உரிமை கொடுத்தால், 4-ம் 1-ம் 5. மூன்றையும் கொடுத்தால் 7. எதுவும் கொடுக்காவிட்டால் பூஜ்யம்.

இப்போது 750 என்ற எண்ணைப் படியுங்கள். முதல் எண் உரிமையாளருக்கு. அவருக்கு எல்லாம் உண்டு. நடு எண் குழுவுக்கு. அவர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம், எழுத முடியாது. கடைசி எண் மற்றவர்களுக்கு. எட்டிப் பார்க்கவும் முடியாது.

சரி, 777 என்றால்? வாசல், பீரோ, நகைப்பெட்டி எல்லாவற்றையும் திறந்து வைத்து, "யார் வேண்டுமானாலும் வாருங்கள்" என்று சொல்வது!

777-ல் என்ன தவறு?

"நம் வீட்டு வைபைக்குள் நம் ஆட்கள்தானே இருக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம்.

பேரன் இருக்கிறான். அவன் கையில் செல்போன் இருக்கிறது. பாட்டியின் குரல் உள்ள போல்டரை அவன் விரல் அழுத்துகிறது. "அழிக்கலாமா?" என்று போன் கேட்கிறது. அவனுக்குப் படிக்கத் தெரியாது. மறுபடியும் அழுத்துகிறான். முடிந்தது.

பெட்டகத்தில் அழிக்கும் பைல், சாதாரணமாகக் குப்பைத் தொட்டிக்குப் போவது இல்லை. சொந்தக் கம்ப்யூட்டரில் அழித்தால் தொட்டியில் கிடக்கும்; எடுத்துக் கொள்ளலாம். சம்பா வழியாக அழித்தால் அப்படியே போய்விடும். தொட்டி வேண்டுமென்றால், சம்பாவில் அதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

குழந்தையை விடுங்கள். 2017-ம் ஆண்டு மே மாதம் சம்பாவிலேயே ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரிந்தது. 2010-ல் வெளிவந்த 3.5 பதிப்பில் இருந்து அது இருந்து வந்தது. ஏழு ஆண்டுகளாக யாரும் கவனிக்கவில்லை!

அந்த ஓட்டையைப் பயன்படுத்த, திருடனுக்கு ஒன்று தேவைப்பட்டது. பகிர்ந்த போல்டரில் எழுதும் உரிமை. அது இருந்தால், தன் புரோகிராமைப் பெட்டகத்தில் போட்டு, பெட்டகத்தையே அதை இயக்க வைக்கலாம். ஓட்டையை உடனே அடைத்துப் புதுப் பதிப்பு வெளியிட்டார்கள். ஆனால், புதுப்பிக்காத கம்ப்யூட்டர்களில் சீக்கிரமே திருடர்கள் புகுந்தார்கள். டிஜிட்டல் காசு தயாரிக்கும் புரோகிராமை அவற்றில் ரகசியமாக ஓட விட்டார்கள்.

இதில் இருந்து என்ன தெரிகிறது? எழுதும் உரிமை சும்மா கொடுக்கிற பொருள் அல்ல.

கதவு திறக்கவில்லை என்றால் எல்லாக் கதவையும் உடைக்காதீர்கள். எந்தக் கதவு பூட்டி இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு ஐந்து சோதனைகள் இருக்கின்றன.

முதல் சோதனை: நீ யார்?

ராஜபாளையம் நாயைத் தெரியாதவர்கள் இல்லை. 2005-ல் அதற்குத் தபால் தலை கூட வெளியிட்டார்கள். வெள்ளை வெளேர் என்று இருக்கும். காவலுக்குக் கெட்டிக்கார நாய். அந்த நாயிடம் போய், "நான்தான் இந்த வீட்டு மாப்பிள்ளை" என்று பெயரைச் சொல்லிப் பாருங்கள். விடுமா? அது மோப்பம் பிடித்துத்தான் ஆளை முடிவு செய்யும்.

லினக்சும் அப்படித்தான். நீங்கள் யார் என்று நீங்கள் நினைப்பது வேறு. நீங்கள் யார் என்று அது நினைப்பது வேறு.

சம்பாவின் பாஸ்வேர்டு தனி. லினக்சின் பாஸ்வேர்டு தனி. லினக்சில் மகளுக்குக் கணக்கு தொடங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. சம்பாவிடமும் அவள் பெயரைப் பதிந்து, பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும், சில ஏற்பாடுகளில் சம்பா உங்களை விரட்டாது. "சரி, விருந்தாளியாக வா" என்று உள்ளே விட்டுவிடும். அந்த விருந்தாளிக்கு லினக்ஸ் வைத்திருக்கும் பெயர் "நோபடி". அதாவது, "யாரும் இல்லை"! விருந்தாளியால் படத்தைப் பார்க்க முடியும். படத்தைப் போட முடியாது. பார்க்க முடிகிறது, எழுத முடியவில்லை என்றால், முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

யார் என்ன பெயரில் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்க, பெட்டகத்தில் "எஸ்எம்பி ஸ்டேட்டஸ்" என்ற கட்டளை உண்டு. இரண்டு சொல்லையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து அடிக்க வேண்டும். மகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "நோபடி" இருந்தால் குற்றவாளி சிக்கிவிட்டான்!

விண்டோஸ் லேப்டாப் பழைய பெயரை நினைவில் வைத்துக் கொண்டு அதையே திரும்பச் சொல்வதும் உண்டு. லேப்டாப்பை அணைத்துப் போட்டு, சேமித்த பழைய பாஸ்வேர்டை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

மகளைக் குடும்பக் குழுவில் இப்போதுதான் சேர்த்தீர்களா? அவள் ஒரு தடவை வெளியேறி, மறுபடி உள்ளே வர வேண்டும். அதுவரை பழைய நிலைமைதான்.

அப்பாவாக மாறிய மகள்!

இதற்கு நேர் எதிரான கோளாறும் இருக்கிறது. அது இன்னும் மோசம்.

மகளின் லேப்டாப்பிலும் லினக்ஸ் இருந்தால், சிலர் சம்பாவுக்குப் பதிலாக "என்.எப்.எஸ்." என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் 1984-ல் கொண்டு வந்த முறை அது. சாதாரண ஏற்பாட்டில் இது பெயரைப் பார்ப்பது இல்லை. எண்ணைத்தான் பார்க்கும்.

உபுண்டு, டெபியன் போன்ற லினக்சுகளில் முதலில் கணக்கு தொடங்கும் ஆளுக்கு 1000 என்று எண் கிடைக்கும். ராஜபாளையத்துப் பெட்டகத்தில் 1000 என்பது அப்பா. ஸ்ரீவில்லிபுத்தூர் லேப்டாப்பில் 1000 என்பது மகள். அவள் இங்கே வந்து இணைத்தால் பெட்டகம் என்ன நினைக்கும்? "1000 வந்துவிட்டார். அப்பாதான்!" என்று நினைக்கும். அப்பா பூட்டி வைத்த பத்திரமும் திறந்து கொள்ளும்.

மகள் என்பதால் பரவாயில்லை. வேறு யாராவது என்றால்? ஆகவே, இந்த முறையில் ஓர் ஆளுக்கு எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

இரண்டாம் சோதனை: எத்தனை வாசற்படி?

கூடத்தில் இருக்கும் பீரோவைத் திறக்கச் சாவி இருக்கிறது. ஆனால், தெருக்கதவு பூட்டி இருக்கிறது. சாவி இருந்து என்ன பயன்?

போல்டருக்குள் போல்டர், அதற்குள் இன்னொரு போல்டர் என்று இருந்தால், வழியில் உள்ள ஒவ்வொரு வாசற்படியையும் தாண்டும் உரிமை வேண்டும். கடைசிப் போல்டருக்கு எத்தனை உரிமை கொடுத்தாலும், நடுவில் ஒரு படி பூட்டி இருந்தால் போக முடியாது.

பலர் தங்கள் சொந்தப் போல்டருக்குள்ளேயே பொதுப் போல்டரை வைக்கிறார்கள். 2021-ல் வந்த 21.04 பதிப்பில் இருந்து, உபுண்டு புதிதாக உண்டாக்கும் சொந்தப் போல்டர்களுக்கு 750 என்று பூட்டுப் போடுகிறது. மற்றவர்களுக்குப் பூஜ்யம். அந்தப் படியிலேயே மகள் நின்றுவிடுகிறாள்!

இதற்குச் சுலபமான வழி, பொதுப் பொருளைப் பொது இடத்தில் வைப்பதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுருக்கி "ஸ்ரீவி" என்பார்கள். லினக்சிலும் அதே மாதிரி ஓர் இடம் இருக்கிறது! எஸ், ஆர், வி என்று மூன்று எழுத்துப் போல்டர். பிறருக்கு வழங்கும் பைல்களை வைப்பதற்கென்றே ஏற்பட்ட இடம் அது. பெட்டகத்தை அங்கே அமையுங்கள்.

வழியில் எந்தப் படி பூட்டி இருக்கிறது என்று பார்க்க, "நேம்ஐ" என்று ஒரு கட்டளை உண்டு. என், ஏ, எம், இ, ஐ என்று ஐந்து எழுத்து. பிறகு ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, ஓர் எல். அதன் பிறகு பைல் இருக்கும் முழு வழி. படிப்படியாக எல்லாப் பூட்டையும் அது வரிசையாகக் காட்டிவிடும்.

மூன்றாம் சோதனை: இரண்டு காவல்காரர்கள்

பெட்டகத்துக்குக் காவல்காரர் ஒருவர் அல்ல. இரண்டு பேர்! வெளி வாசலில் சம்பா. உள் வாசலில் லினக்ஸ். இரண்டு பேரும் "சரி" என்று சொன்னால்தான் காரியம் நடக்கும். ஒருவர் "கூடாது" என்றாலும் கூடாதுதான்.

சம்பா எதையும் மாற்றாவிட்டால், "பார்க்க மட்டும்" என்றுதான் விடும். லினக்சில் நீங்கள் 777 கொடுத்தாலும் சம்பா எழுத விடாது. அதன் குறிப்பேட்டில் "ரீட் ஒன்லி" என்ற வரிக்கு நேரே "நோ" என்று எழுத வேண்டும். எழுதிய பிறகு "டெஸ்ட்பார்ம்" என்ற கட்டளையைக் கொடுங்கள். குறிப்பேட்டில் பிழை இருந்தால் சொல்லிவிடும்.

சம்பாவில் எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு வருகிறதா? உள் வாசலைப் பாருங்கள். எல், எஸ் என்று இரண்டு எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, ஓர் எல். இந்தக் கட்டளை ஒவ்வொரு பைலின் 9 பூட்டையும் காட்டும். ஆர் என்றால் பார்க்கலாம். டபிள்யூ என்றால் எழுதலாம். எக்ஸ் என்றால் இயக்கலாம். வெறும் கோடு இருந்தால் அந்தப் பூட்டு பூட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

பெடோரா என்ற லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது காவல்காரரும் உண்டு. அவர் பெயர் "எஸ்.இ. லினக்ஸ்". அவர் போல்டரில் ஒட்டி இருக்கும் சீட்டைப் பார்ப்பார். "இது சம்பாவுக்கு உரியது" என்று சீட்டு இல்லாவிட்டால் விடமாட்டார். அவரை வேலையை விட்டு நீக்காதீர்கள். சரியான சீட்டை ஒட்டுங்கள்.

நான்காம் சோதனை: புதுப் பைல் யாருடையது?

மகள் இன்று ஒரு சமையல் குறிப்பு எழுதிப் பொதுப் போல்டரில் போடுகிறாள். நாளை அம்மா அதைத் திருத்தப் பார்க்கிறாள். "அனுமதி இல்லை"! நேற்று எல்லாம் சரியாகத்தானே இருந்தது?

பழைய பைல்கள் சரிதான். புதுப் பைல்தான் கோளாறு. மகள் உண்டாக்கியதால் அதற்கு உரிமையாளர் மகள். அந்தப் பைல் சேரும் குழுவும் மகளின் சொந்தக் குழு. குடும்பக் குழு அல்ல. அது தவிர, சம்பா தானாகக் கொடுக்கும் பூட்டில், எழுதும் உரிமை உரிமையாளருக்கு மட்டும்தான்.

பூட்டை மாற்றும் கட்டளை "சிஎச்மோட்". சி, எச், எம், ஓ, டி என்று ஐந்து எழுத்து. பொதுப் போல்டரின் குழுவைக் குடும்பக் குழுவாக மாற்றிவிட்டு, அந்தப் போல்டருக்கு 770 என்று கொடுப்பதற்குப் பதில் 2770 என்று கொடுங்கள். முன்னால் நிற்கும் அந்த 2 ஒரு மந்திர எண்! "இங்கே யார் எதை வைத்தாலும் அது குடும்பக் குழுவுக்கே சேரும்" என்று அதற்குப் பொருள்.

பிறகு சம்பாவின் குறிப்பேட்டில், பொதுப் போல்டர் உள்ள பகுதியில், "கிரியேட் மாஸ்க்" 0660 என்றும், "டைரக்டரி மாஸ்க்" 2770 என்றும் எழுதுங்கள். இனி வரும் பைல்களில் குடும்பத்தார் எல்லோரும் எழுதலாம். வெளியார் யாரும் தொட முடியாது.

ஐந்தாம் சோதனை: டிஸ்க் எந்த ஜாதகம்?

சிலர் எத்தனை தடவை "சிஎச்மோட்" போட்டாலும் பூட்டு மாறவே மாறாது. காரணம் டிஸ்க்கில் இருக்கிறது.

கடையில் வாங்கும் பென் டிரைவ், வெளி டிஸ்க் பலவற்றில் "எக்ஸ்பேட்" என்ற முறையில் எழுதி இருப்பார்கள். அந்த முறையில் உரிமையாளர், குழு என்று எழுதி வைக்கவே இடம் கிடையாது. இல்லாத பூட்டை எப்படி மாற்ற முடியும்?

அந்த டிஸ்க்கை இணைக்கும்போதே, "இது இன்னார் உடையது" என்று லினக்சுக்குச் சொல்லலாம். ஆனால், அது முழு டிஸ்க்குக்கும் ஒரே பூட்டுத்தான். எப்போதும் பெட்டகத்தோடு இருக்கப் போகும் டிஸ்க் என்றால், உள்ளே இருப்பதை முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். பிறகு, டிஸ்க்கை லினக்சின் சொந்த முறையான "ஈ.எக்ஸ்.டி. 4"க்கு மாற்றுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். ஜாக்கிரதை!

யாருக்கு என்ன?

ஐந்து சோதனையும் முடிந்தது. இப்போது நம் ராஜபாளையம் வீட்டுக்குச் சரியான பூட்டுப் போடுவோம்.

பத்திரம் உள்ள போல்டருக்கு 700. அப்பா மட்டும்.

தறிக் கணக்குக்கு 2770. அப்பாவும் மகனும் மட்டும் உள்ள தனிக் குழு.

பொதுப் போல்டருக்கும் 2770. குடும்பக் குழு. மகள் தன் குழந்தையின் படத்தைத் தாராளமாகப் போடலாம்.

கல்யாணப் படங்களும் பாட்டியின் குரலும் உள்ள போல்டருக்கு 755. எல்லோரும் பார்க்கலாம், கேட்கலாம். மாற்றுவதும் அழிப்பதும் அப்பா மட்டும்.

டி.வி.க்கும் பேரனின் செல்போனுக்கும் தனிப் பெயர் கொடுத்து, குடும்பக் குழுவில் சேர்க்காமல் விடுங்கள். பேரன் எத்தனை தடவை அழுத்தினாலும் பாட்டியின் குரல் பத்திரமாக இருக்கும்.

இங்கே ஒரு நுட்பம். ஒரு பைலை அழிக்க, அந்தப் பைலில் எழுதும் உரிமை தேவை இல்லை! அது இருக்கும் போல்டரில் எழுதும் உரிமை இருந்தால் போதும். பைலை மட்டும் பூட்டிவிட்டு, போல்டரைத் திறந்து வைத்தால் பயன் இல்லை. பொதுப் போல்டரில் ஒருவர் வைத்ததை இன்னொருவர் அழிக்கக் கூடாது என்றால் 3770 என்று கொடுங்கள். முன்னால் உள்ள 3-ல், 2 அந்த மந்திர எண். 1 அழிக்காமல் காக்கும் எண். பைலை வைத்தவரும் போல்டரின் உரிமையாளரும்தான் அழிக்கலாம்.

777 கொடுத்துவிட்ட பழைய பைல்கள் இருக்குமே! அவற்றையும் திரும்பப் பூட்டுங்கள். போல்டருக்குக் கொடுக்கும் எண்ணையே உள்ளே இருக்கும் எல்லாப் பைலுக்கும் கொடுத்துவிடாதீர்கள். பைலுக்கு இயக்கும் உரிமை வேண்டியது இல்லை. படப் பைல்களுக்கு 644 போதும். பொதுப் பைல்களுக்கு 660 போதும்.

நகல் ஒன்று, ஊர் இரண்டு

பூட்டு திருடனைத் தடுக்கும். தீயைத் தடுக்காது. பேரனைத் தடுக்கும். டிஸ்க் பழுதாவதைத் தடுக்காது.

ஆகவே, எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வேண்டும். அந்த நகலை அதே வீட்டில் வைக்காதீர்கள். மகள் ஞாயிறு தோறும் வருகிறாள் அல்லவா? மாதம் ஒரு தடவை ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அவள் கையில் கொடுத்து அனுப்புங்கள். பால்கோவா ராஜபாளையத்துக்கு வரட்டும். பாட்டியின் குரல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகட்டும்.

பெட்டகத்தில் எந்தப் போல்டருக்கு என்ன எண், யார் எந்தக் குழு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அமைத்தவன் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டாலும், வீட்டில் இருப்பவர்கள் அந்த நோட்டைப் பார்த்துச் சரி செய்து கொள்ளலாம்.

அடுத்த தடவை "அனுமதி இல்லை" என்று வந்தால் கோபப்படாதீர்கள். காவல் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். நோட்டை எடுங்கள். "நீ யார்?" என்ற முதல் சோதனையில் இருந்து தொடங்குங்கள்.